நடுக்குவாதத்தைத் தந்த மருந்தும் தணித்த மருந்தும்

அரசு மருத்துவமனைகளில் முப்பத்து நான்கு வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மாத்திரையின் பெயரைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகளின் வரலாறு. தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். நம் வயதுக்காரர்களில் இந்த நோய் உள்ள ஒருவரையாவது தெரியாதவர்கள் குறைவு.

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. நோயைத் தணிக்கும் மருந்து கிடைத்ததே, அதே நோயை உண்டாக்கும் இன்னொரு மருந்தின் வழியாகத்தான். மருந்தால் நடுக்குவாதம் தணியும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மருந்தால் நடுக்குவாதம் வரும், இருப்பது முற்றும் என்பதுதான் மறந்துபோகிறது. அந்த மறதிக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

லண்டன், 1817

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் வைத்தியம் பார்த்து வந்தவர். 1817-இல் நடுக்குவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது மொத்தம் ஆறே பேரை. அந்த ஆறு பேரிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் இல்லை; தெருவில் போகும்போது கண்ணில் பட்டவர்கள். சும்மா இருக்கும்போது நடுங்கும் கை, முன்னால் கூனிய உடம்பு, நடக்க ஆரம்பித்தால் தன்னை அறியாமல் ஓட்டமாக மாறும் நடை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே எழுதிவிட்டார்.

கழுத்தில் இரத்தம் எடுப்பது, கொப்புளம் எழுப்பிச் சீழ் வடிய விடுவது என்று அந்தக் காலத்து வைத்தியத்தைத்தான் அவரும் சொன்னார். ஆனால் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து விஷயத்தில் மட்டும் நிதானமாக இருந்தார். நோயின் தன்மை இன்னதென்று தெரியும்வரை உள்மருந்து கொடுப்பதற்கு நியாயம் இல்லை என்பது அவர் கருத்து. மருந்து விற்றும் பிழைத்த ஒருவர் இப்படி எழுதியது எனக்கு ஆச்சரியம்தான்.

பாரிஸ் கொடுத்த முதல் மாத்திரை

அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இருந்த ழான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோயை விரிவாக ஆராய்ந்து, பார்க்கின்சனின் பெயரையே அதற்கு வைத்தார். அவர் கொடுத்த மருந்து ஹயோசயமின். பெல்லடோனா, நம்மூர் ஊமத்தை இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டிலும் இந்தச் சரக்கு உண்டு. ஊமத்தங்காய் தின்றவன் பித்துப் பிடித்தவன்போல் பேசுவான் என்று நம் கிராமத்தில் தெரியாதவர் கிடையாது. அதையே அளவோடு கொடுத்தால் நடுக்கமும் எச்சில் வழிவதும் கொஞ்சம் குறைந்தது.

ஏன் குறைந்தது என்று அன்றைக்குத் தெரியாது. மூளையில் டோபமைன், அசிட்டைல்கோலின் என்ற இரண்டு ரசாயனங்கள் தராசின் இரண்டு தட்டுகள்போல இருப்பதாகப் பின்னால் விளக்கினார்கள். டோபமைன் தட்டு இளைத்துவிட்டால் மற்றது கீழே இறங்கிவிடும். இறங்கிய தட்டிலிருந்து கொஞ்சம் எடுப்பதுதான் ஊமத்தைக் குடும்ப மருந்துகளின் வேலை. 1949-இல் இதே வேலையைச் செய்யும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற செயற்கை மருந்து வந்தது. நம் ஊரில் பாசிடேன் என்ற பெயரில் நானே ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அசிட்டைல்கோலின் ஞாபகத்துக்கும் வேண்டும், சிறுநீர் பிரியவும் குடல் நகரவும் வேண்டும். இளவயதுக்காரர் வாய் உலர்கிறது என்று சொல்லிவிட்டுச் சமாளித்துக்கொள்வார். எழுபது தாண்டியவருக்கோ மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி, குழப்பம், இல்லாத ஆள் தெரிவது என்று வரிசையாக வரும். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991-இல் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அவர் பெயரிலேயே இன்றும் புதுப்பிக்கப்படும் அந்தப் பட்டியலில் இந்த மாத்திரையும் இருக்கிறது. சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. ஒன்றோடு ஒன்று சேரும்போது குழப்பமும் கூடிக்கொண்டே போகும்.

சர்ப்பகந்தி வேர்

கதை இப்போது இந்தியாவுக்கு வருகிறது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நம் நாட்டில் வெகுகாலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் இந்த வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை எழுதினார்கள். 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை இங்கிலாந்தின் இதயநோய் இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பி.பி. என்று வருகிறவர்களுக்கு அடல்பேன் என்ற மாத்திரை சர்வசாதாரணம். அதில் இருந்தது ரிசர்பின்தான். பிரஷர் இறங்கும். கூடவே சிலருக்கு முகம் இறுகி, நடை தளர்ந்து, கை நடுங்க ஆரம்பிக்கும். மனநோய் மருத்துவமனைகளில் இதையே பெரிய அளவில் கொடுத்தபோது அந்த இறுக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தினால் மெல்ல மெல்லச் சரியானது. பார்ப்பதற்கு அப்படியே நடுக்குவாதம்.

எழுந்து உட்கார்ந்த முயல்கள்

சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்வித் கார்ல்சன் இந்த ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டு, அசையாமல் துவண்டு கிடந்தன. அவற்றுக்கு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் கால் மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து காதை விறைத்து நடமாடின. 1957-இல் இந்தச் சோதனை வெளியானது. உடம்பில் டோபா டோபமைனாக மாறும் என்பது முன்பே தெரியும். ஆனால் டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. 1960-இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கார்ல்சனை நம்ப மறுத்தார்கள். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் கதைக்கு இதுதான் அச்சாணி. ரிசர்பின் மூளையின் டோபமைனைக் காலி செய்தது, உடல் இறுகியது. டோபா அதை நிரப்பியது, உடல் அசைந்தது. அப்படியானால் நடுக்குவாத நோயாளியின் மூளையிலும் டோபமைன் குறைந்திருக்குமோ? வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் என்ற விஞ்ஞானி, எஹ்ரிங்கருடன் சேர்ந்து, இறந்துபோன நோயாளிகளின் மூளையைச் சோதித்தார். அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருந்தது. அது 1960. அடுத்த ஆண்டு ஜூலையில் வால்டர் பிர்க்மையர் என்ற மருத்துவரும் அவரும் சேர்ந்து லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசியில் போட்டார்கள். அந்த நோயாளிகள் இருந்த இடம் வியன்னாவில் லைன்ஸ் என்ற பகுதியில் உள்ள முதியோர் இல்லம். எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரம்தான் அந்தப் பலன்.

அந்தச் சில மணி நேரத்தை நாள் முழுதுக்கும் நீட்டியவர் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜார்ஜ் கோட்சியஸ். சிறு அளவில் ஆரம்பித்து, பொறுமையாக ஏற்றி, ஒரு நாளைக்கு 3 முதல் 16 கிராம் வரை வாய்வழியாகக் கொடுத்தார். 1967-இல் அவர் முடிவுகள் வெளியாயின. 1969-இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ், மூளைக் காய்ச்சலுக்குப் பின் பல பத்தாண்டுகள் சிலைபோல் இருந்தவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தார். அவர்கள் விழித்தெழுந்ததையும், பிறகு மருந்தின் விளைவுகளால் பட்ட பாட்டையும் 1973-இல் நூலாக எழுதினார். அது பின்னால் திரைப்படமாகவும் வந்தது.

சென்னையில் 1937

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. லெவோடோபாவை முதலில் பிரித்தெடுத்தது ஒரு வகை அவரைச் செடியிலிருந்து, 1913-இல். பிரித்தெடுத்த மார்க்கஸ் குகன்ஹைம் தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். இந்த மருந்தின் முதல் பக்கவிளைவு அன்றைக்கே பதிவாகிவிட்டது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் எழுதினார்கள். வேலியோரம் படர்ந்து, காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். கார்ல்சனின் முயல்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பு நடந்தது இது. இதற்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாரும் ஊகித்திருக்க முடியாது.

குகன்ஹைமின் வாந்தி கோட்சியஸின் நோயாளிகளையும் விடவில்லை. விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போவதற்கு முன்பே உடம்பில் டோபமைனாக மாறி வயிற்றைக் குமட்டியது. அதைத் தடுக்க கார்பிடோபா என்ற துணைமருந்தைச் சேர்த்தார்கள். அதனால் லெவோடோபாவின் அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்தது. 1970-களில் அமெரிக்காவில் வந்த அந்தக் கூட்டு மாத்திரைக்கு சினிமெட் என்று பெயர். வாந்தி இல்லாதது என்று லத்தீனில் பொருள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சின்டோபா அதே கூட்டுதான். ஐம்பது ஆண்டுகளாகியும் இதை மிஞ்சும் மருந்து வரவில்லை.

கதவை அடைக்கும் மருந்துகள்

டோபமைனைக் கொடுக்கும் மருந்து ஒரு பக்கம் வளர்ந்த அதே இருபது ஆண்டுகளில், டோபமைனைத் தடுக்கும் மருந்துகளும் பெருகின.

1952-இல் பாரிஸில் சாந்த் ஆன் மருத்துவமனையில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பட ஆரம்பித்தது. 1958-இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் வந்தது. ரிசர்பின் டோபமைனைக் காலி செய்தது என்றால், இவை டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டன. விளைவு ஒன்றுதான். ஜெர்மனியில் ஒரு மருத்துவர், நோயாளியின் கையெழுத்து சிறுத்துப்போவதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று முடிவு செய்தார். கையெழுத்து சிறுப்பது நடுக்குவாதத்தின் அடையாளம். அதையே மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்.

மனநோய் மருந்து என்றால் வீட்டில் உள்ளவர்கள் உஷாராக இருப்பார்கள். ஆனால் இதே குடும்பத்திலிருந்து வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் மருந்துகள் வந்தன. புரோக்ளோர்பெரசின், அதாவது ஸ்டெமெட்டில், குளோர்ப்ரோமசினுக்குத் தம்பி முறை. 1964-இல் பிரான்ஸிலிருந்து வந்த மெட்டோக்ளோபிரமைடை நாம் பெரினார்ம் என்று அறிவோம். தலைசுற்றலுக்கு வாங்கிச் சாப்பிடும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனாரிசின் இரண்டுக்கும் டோபமைனைத் தடுக்கும் குணம் உண்டு. 1980-களில் தென்னமெரிக்காவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் இந்த இரண்டால் நடுக்குவாதம் வந்த முதியவர்கள் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வந்தன.

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 1984-இல் எடின்பரோவில் ஸ்டீஃபன், வில்லியம்சன் என்ற இரு மருத்துவர்கள், தங்கள் முதியோர் மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக நடுக்குவாதம் என்று வந்த 95 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 48 பேருக்கு, அதாவது பாதிப் பேருக்கு, காரணம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்து. அதிகம் அகப்பட்டது புரோக்ளோர்பெரசின். நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமானார்கள். சிலருக்குப் பின்னாளில் உண்மையான நோயே வந்தது. உள்ளே மறைந்திருந்ததை மருந்து முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கிறது.

1995-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 65 வயது கடந்தவர்களின் மருந்துப் பதிவுகளை ஜெர்ரி ஏவர்ன் குழுவினர் பார்த்தார்கள். மெட்டோக்ளோபிரமைடு சாப்பிட்டவர்கள் லெவோடோபா ஆரம்பிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. வாந்தி மாத்திரையால் கை நடுங்குகிறது, அது வயோதிகத்தில் வந்த நோய் என்று நினைத்து அதற்கொரு மாத்திரை, அந்த மாத்திரையால் குமட்டல், அதற்கு இன்னொன்று. மருந்துக்கு மருந்து என்ற இந்தச் சங்கிலியை எத்தனையோ ஓ.பி. சீட்டுகளில் நான் பார்த்திருக்கிறேன்.

முதியவர்கள் ஏன் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்? வயதாக ஆக டோபமைன் செல்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. கையிருப்பு குறைந்த நேரத்தில் கதவையும் அடைத்தால் தாங்காது. சிறுநீரகமும் முன்போல் மருந்தை வெளியேற்றுவதில்லை. 2013-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மெட்டோக்ளோபிரமைடை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றது. நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது.

அத்தான் பட்ட பாடு

புள்ளிவிவரமாகப் படித்த இதை வீட்டிலேயே பார்க்க நேர்ந்தது. என் அக்கா வீட்டுக்காரருக்கு எழுபத்து நான்கு வயது. எட்டு வருடமாக நடுக்குவாதம். நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. காலை ஆறு மணிக்கு முதல் வேளை. அந்த ஒழுங்கில் தானே குளித்து, தெருமுனை வரை போய்ப் பேப்பர் வாங்கி வருவார். குடலிறக்க அறுவைக்காக வெளியூர் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அத்தான் மரக்கட்டை மாதிரி கெடக்காருடா. வாயில தண்ணி ஊத்தினா வெளிய வழியுது. ராத்திரி பூரா செவுத்தப் பாத்து யார்கிட்டயோ பேசுறாரு."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்து கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வீட்டு மாத்திரைகளை நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் நேரத்தில் மூன்று வேளையாகக் கொடுத்திருக்கிறார்கள். அறுவை நாளில் வெறும் வயிறு என்று ஒரு வேளைகூடக் கொடுக்கவில்லை. வாந்திக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெட்டோக்ளோபிரமைடு ஊசி. இரவில் பிதற்றுகிறார் என்று இரண்டு முறை ஹாலோபெரிடால். வந்துகொண்டிருந்த டோபமைனைக் குறைத்து, மிச்சத்துக்கும் இரண்டு பூட்டுப் போட்டாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அறுவைப் பிரிவில் வழக்கமாக எழுதும் மருந்துகளை எழுதியிருக்கிறார்கள்.

அத்தானுக்கு வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைப் போனில் பிடித்தோம். அவர் அங்கிருந்த டாக்டரிடமே பேசினார். இரண்டு ஊசிகளும் நின்றன. மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக, பழைய நேரப்படி கொடுக்க ஆரம்பித்தார்கள். நான்காவது நாள் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, "காப்பி குடிச்சியா?" என்று கேட்டார். வீடு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. தெருமுனைப் பேப்பர் கடை வரை நடப்பது மட்டும் திரும்பவே இல்லை. இப்போது பேப்பர் பையன் வீட்டுக்கே போட்டுவிட்டுப் போகிறான்.

மணி தவறினால்

லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். நோயின் ஆரம்பத்தில் மூளைக்கே கொஞ்சம் சேமிக்கும் சக்தி இருப்பதால் அரை மணி முன்பின்னானால் தெரியாது. ஆண்டுகள் ஆக ஆக அந்தச் சேமிப்பு போய்விடும். மாத்திரை ஓடுகிற நேரம்தான் உடம்பு ஓடும். இங்கிலாந்தின் பார்க்கின்சன் சங்கம் 2006-இல், மருத்துவமனைகளில் இந்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று ஒரு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

1970-80-களில் மருந்துக்கு விடுமுறை என்று ஒரு பழக்கம் இருந்தது. பல வருடம் சாப்பிட்டபின் கைகால் தன்னிச்சையாக நெளியும் விளைவைக் குறைப்பதற்காகச் சில நாட்கள் மாத்திரையை அடியோடு நிறுத்திப் பார்த்தார்கள். கடும் காய்ச்சல், தசை இறுக்கம், விழுங்க முடியாமல் நுரையீரலில் சளி சேர்ந்து நிமோனியா என்று ஆபத்துகள் வர, அந்த வைத்தியத்தையே கைவிட்டார்கள். கோயில் விரதம், மாத்திரை தீர்ந்துபோனது, "நல்லாத்தானே இருக்கேன்" என்ற நினைப்பு என்று நம் வீடுகளில் அந்த விடுமுறை இன்றும் தொடர்கிறது.

லெவோடோபாவுக்குப் பின் வந்த மருந்துகளுக்கும் இதே இரண்டு முகம்தான். டோபமைனைப்போல நடிக்கும் மாத்திரைகளால் சிலருக்குத் திடீர்த் தூக்கம், மாயக்காட்சிகள், சூதாட்டத்திலோ வாங்கிக் குவிப்பதிலோ அடக்க முடியாத ஆசை வந்தது. அவற்றில் பெர்கோலைடு இதய வால்வைக் கெடுக்கிறது என்று 2007-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. செலிஜிலின், ரசாஜிலின் சாப்பிடுகிறவர்களுக்கு வலிக்குப் போடும் பெத்தடினும் டிரமடாலும் ஆகாது.

கடைசியாக, நம் பூனைக்காலி. அதன் விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்றும் எழுதினார்கள். அதனால்தான் எச்சரிக்கை வேண்டும். நாட்டுமருந்துக் கடைப் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு லெவோடோபா என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. மாத்திரையோடு இதையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்துக்கொண்டால் இரட்டை மருந்து ஆகிவிடும். பிரஷர் திடீரென்று இறங்கி விழுவதும், மாயக்காட்சிகளும், கைகால் நெளிவதும் அதனால் வரலாம். மூலிகை என்பதால் அது மருந்து இல்லை என்று ஆகாது. சர்ப்பகந்தியும் மூலிகைதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. சாப்பிடும் எல்லா மருந்துகளையும், அவற்றின் மணியையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலும் வீட்டு அலமாரியிலும் வையுங்கள். நாட்டுமருந்து, தூக்க மாத்திரை, சளி மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும்.

2. அதே தாளின் மேலே பெரிய எழுத்தில், "நடுக்குவாத நோயாளி. மெட்டோக்ளோபிரமைடு, புரோக்ளோர்பெரசின், ஹாலோபெரிடால் கொடுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். வாந்திக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை என்பதால் அதைக் கொடுப்பார்கள். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும்.

3. மருத்துவமனையில் சேர்க்கும்போது முதல் நாளே மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். அறுவை என்றால் வெறும் வயிற்று நேரத்தில் என்ன செய்வது என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

4. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுப்பது நல்லது. பருப்பு, பால், முட்டை போன்ற புரதங்களும் இரும்புச்சத்து மாத்திரையும் அது உடம்பில் சேருவதைக் குறைக்கும்.

5. பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மருந்து இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாயக்காட்சிகளுக்கு மருந்து தேவைப்பட்டால் நடுக்குவாதத்தை அதிகம் கிளறாத ஒன்றிரண்டு உண்டு. அதை நரம்பியல் மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும்.

6. புதிதாக நடுக்கம் வந்தால், கடந்த ஆறு மாதத்தில் வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ மனநிலைக்கோ என்ன சாப்பிட்டார் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

7. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். நான் எழுதியிருப்பது கேள்வி கேட்பதற்கு உதவும். பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

எங்கள் அக்கா அந்தத் தாளை லேமினேட் செய்து, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறாள். போன மாதம் பல் பிடுங்கப் போனபோதும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டினாளாம்.